கஷாயமா, ஊசியா? ஹாங்காங் நாட்குறிப்பு

திங்கள், தை பிங் ஷான் தெரு

ஹாங்காங் வருபவர்கள் வழக்கமாகப் பீக் டிராமில் ஏறுவார்கள், லாந்தாவ் தீவில் பெரிய புத்தரைப் பார்ப்பார்கள், பேரப்பிள்ளைகள் கூட இருந்தால் டிஸ்னிலாந்து. என் பட்டியலில் முதலில் இருந்தது ஒரு ஆஸ்பத்திரி. வேலைக்காலம் முழுக்க அரசு மருத்துவமனை மருந்தகத்தில் ஜன்னலுக்கு உள்பக்கம் நின்றவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் புத்தி அங்கேதான் போகிறது. இங்கே வேலை பார்க்கும் மகள், "லீவுக்கு வந்தும் ஆஸ்பத்திரியாப்பா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் கூட வரச் சம்மதித்தாள். கான்டனீஸ் பேச எனக்கு ஆள் வேண்டுமே.

தேடி வந்தது துங் வா மருத்துவமனை. ஆங்கிலேயர் ஆட்சியில், 1872இல் திறந்தது. சீன வணிகர்கள் நடத்தி, சீன மருந்து மட்டுமே கொடுத்த இடம். கால் நூற்றாண்டு கழித்து அதே கூரைக்குக் கீழே இங்கிலீஷ் மருத்துவமும் வந்து சேர்ந்தது. நம்மூர் அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு வளாகத்தின் ஏதாவது ஒரு மூலையில் இருக்கும். இங்கே கதை தலைகீழ். வீட்டுக்காரர் நாட்டு வைத்தியர், பிற்பாடு குடி வந்தவர் இங்கிலீஷ் டாக்டர்.

ஆஸ்பத்திரிக்கு நேரே போகாமல் தை பிங் ஷான் தெருவில் இருக்கும் குவாங் ஃபுக் ஆலயத்துக்குப் போனோம். இன்று இந்தத் தெரு முழுக்க காபிக் கடைகளும் ஓவியக் கூடங்களும். படிக்கட்டில் உட்கார்ந்து இளைஞர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நடுவில் புகையேறிய சின்னக் கோவில். ஊரைவிட்டுப் பிழைக்க வந்து, சொந்தம் யாரும் அருகில் இல்லாமல் இறந்தவர்களின் பெயர்ப்பலகைகளை வைத்துக் கும்பிட 1851இல் கட்டியது. இன்றும் உள்ளே வரிசை வரிசையாகப் பலகைகள்.

பெயர்ப்பலகை வைக்க வந்த இடம் மெல்ல மெல்ல வேறாக மாறிவிட்டது. ஊருக்கு அனுப்பக் காத்திருக்கும் சவப்பெட்டிகளை வைத்தார்கள். அப்புறம், சாகக் கிடப்பவர்களையே கொண்டுவந்து விட்டார்கள். கூலிகள் தங்கியிருந்த அறைகளில் ஒருவன் செத்தால் அந்த அறைக்குத் தீட்டு, வாடகைக்கு ஆள் வராது. அதனால் மூச்சு இருக்கும்போதே இங்கே தூக்கி வந்துவிடுவார்கள். 1869இல் ஆல்ஃபிரட் லிஸ்டர் என்ற அதிகாரி உள்ளே வந்து பார்த்தார். பிணமும், பிணமாகப் போகிறவரும் அருகருகே, கழிவுக்குள் கிடந்தார்கள். பத்திரிகைகளில் வந்தது, லண்டன் வரை நாற்றம் எட்டியது.

அரசு மருத்துவமனை ஒன்று அப்போதே ஊரில் இருந்தது. ஏன் யாரும் அங்கே போகவில்லை என்பதுதான் என்னை இங்கே இழுத்துவந்த கேள்வி. காசு, மொழி, சாப்பாடு எல்லாம் காரணம்தான். எல்லாவற்றுக்கும் மேலே கத்தி பயம். உயிரோடு இருந்தால் கையை வெட்டுவார்கள், செத்தால் வயிற்றைக் கிழித்துப் பார்ப்பார்கள் என்று நம்பினார்கள். இரண்டாவது நம்பிக்கை பொய்யும் இல்லை. பெற்றோர் கொடுத்த உடம்பை முழுசாகக் கொண்டுபோய் முன்னோரிடம் சேர வேண்டும் என்று நினைக்கும் மக்களுக்கு, போஸ்ட்மார்ட்டம் என்பது சாவைவிடப் பெரிய பயம்.

செவ்வாய், போ யான் தெரு

கோவிலிலிருந்து துங் வா நடக்கும் தூரம்தான். சரிவில் ஏறி இறங்கினால் போ யான் தெரு. இப்போது நிற்பது 1872இல் கட்டியது அல்ல; முகப்புக் கட்டடம் 1930களில் மாற்றிக் கட்டப்பட்டது. இன்றும் நோயாளிகள் வந்து போகும் மருத்துவமனை என்பதால் வார்டுக்குள் சுற்றிப் பார்ப்பதெல்லாம் முடியாது, அது முறையும் இல்லை. வெளியே நின்று பார்த்தோம். ஆம்புலன்ஸ், சக்கர நாற்காலி, கையில் பழப்பையோடு மாமியார்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரி வாசலுக்கும் இதே முகம்தான்.

இது எழுந்த பணத்தின் கதை சுவையானது. லிஸ்டர் கண்ட காட்சிக்குப் பிறகு ஆளுநர் ரிச்சர்ட் மெக்டொனலுக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும். அவர் கையில் ஒரு தர்மசங்கடமான பணமும் இருந்தது. 1867இல் சூதாட்ட விடுதிகளுக்கு உரிமம் கொடுத்து வசூலித்தது. அதை அரசுச் செலவில் கலக்க லண்டன் விரும்பவில்லை. சரி, ஆஸ்பத்திரிக்குக் கொடு! நிலத்தோடு 1,15,000 டாலர் போனது. மீதியைச் சீன வணிகர்கள் திரட்டினார்கள். 1870இல் இதற்கென்றே சட்டம் இயற்றினார்கள், 1872 பிப்ரவரியில் மெக்டொனலே வந்து திறந்துவைத்தார்.

முதல் தலைவர் லியுங் ஆன், கிப் லிவிங்ஸ்டன் கம்பெனியின் துபாஷி. சென்னையிலும் புதுச்சேரியிலும் கம்பெனிக்கும் ஊருக்கும் நடுவே நின்ற துபாஷிகளை நினைத்துக்கொண்டால் ஆள் எப்படிப்பட்டவர் என்று புரிந்துவிடும். அவரோடு அரிசி வியாபாரிகள், துணி வியாபாரிகள், அபின் வியாபாரிகள். சூதாட்டப் பணமும் அபின் பணமும் சேர்ந்து ஏழைகளுக்கு இலவசக் கஷாயமாக மாறியது. இதில் முகம் சுளிக்க எனக்குத் தோன்றவில்லை. பணத்தின் பூர்வீகத்தை விசாரித்தால் உலகத்தில் பாதி தர்ம ஆஸ்பத்திரிகளை மூட வேண்டியிருக்கும்.

உள்ளே கொடுத்தது கஷாயம், மூலிகைப் பற்று, எலும்பு முறிவுக்குக் கட்டு. அறுவைச் சிகிச்சை கிடையாது. செத்தால் இலவசச் சவப்பெட்டி, முறையான அடக்கம். உடம்பை யாரும் அறுக்க மாட்டார்கள். இந்தக் கடைசி உறுதிமொழிக்காகத்தான் ஜனம் வந்தது என்று நான் நினைக்கிறேன், மருந்துக்காக மட்டும் அல்ல.

ஆனால் ஒன்று. "சீன மருத்துவம் மட்டும்" என்று சொன்ன இதே துங் வா அம்மை குத்தியது. இங்கிலாந்து டாக்டர் ஜென்னரின் முறைதான், மாட்டம்மைப் பால். அது 1805 வாக்கிலேயே மக்காவ், கான்டன் (இன்றைய குவாங்சோ) வழியாகத் தென்சீனாவுக்குள் வந்து உள்ளூர் வைத்தியர்கள் கைக்குப் போய்விட்டது. இரண்டு தலைமுறை கழித்து அதை யாரும் வெள்ளைக்காரன் மருந்து என்று நினைக்கவே இல்லை. வந்த விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

மாலையில் ஹாலிவுட் ரோட்டில் மான் மோ கோவில். கூரையிலிருந்து தொங்கும் பெரிய சுருள் ஊதுபத்திகளைப் படம் எடுக்கத்தான் கூட்டம். நான் அண்ணாந்து தேடியது ஒரு பலகையை. 1879இல் குவாங்சு பேரரசர் கொடுத்தது. வடசீனப் பஞ்சத்துக்கு துங் வா நிர்வாகிகள் பணம் திரட்டி அனுப்பியதற்கான மரியாதை. அந்தப் பஞ்சம் 1876இல் தொடங்கியது. நம் பக்கம் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்கிறோமே, அதே ஆண்டுகள். மழை பொய்த்தது இரண்டு நாட்டிலும் ஒரே சமயத்தில்.

ஆங்கிலேயர் ஊரில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் பீஜிங்கிலிருந்து பேரரசர் பலகை அனுப்புகிறார் என்றால் ஆளுநருக்கு எப்படி இருந்திருக்கும்! நிர்வாகிகள் சீன அரசு அதிகாரிகளின் மாண்டரின் அங்கி போட்டுக்கொண்டு கூட்டம் நடத்தினார்கள், வழக்குத் தீர்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குள் இன்னொரு அரசாங்கம் நடக்கிறது என்று ஆங்கிலேயர் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

புதன், கெய்ன் லேன்

காலையில் முழங்கால் மறியல் செய்தது. இந்த ஊரில் தெரு என்று பேர், பாதிக்கு மேல் படிக்கட்டு. மெல்ல ஏறி ஹாங்காங் மருத்துவ அறிவியல் அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தோம். செங்கல் கட்டடம், 1906இல் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடமாகக் கட்டியது. 1996 முதல் அருங்காட்சியகம். பழைய பிணப்பரிசோதனை அறை அப்படியே இருக்கிறது. மகள் எட்டிப் பார்த்துவிட்டு மூலிகைத் தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

இந்தக் கட்டடம் எழக் காரணம் 1894. அந்த மே மாதம் ஜேம்ஸ் லோசன் என்ற இளம் அரசு டாக்டர் துங் வாவுக்குள் போய்ப் பார்த்தபோது அக்குளிலும் தொடையிடுக்கிலும் கட்டி வீங்கிக் காய்ச்சலில் கிடந்தவர்களைக் கண்டார். பிளேக். கான்டனில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் சாய்த்துவிட்டு வந்திருந்தது.

அரசு செய்தது இது: நோயாளிகளைப் பிடித்து 'ஹைஜியா' என்ற ஆஸ்பத்திரிக் கப்பலில் ஏற்றியது. சிப்பாய்களை வீடு வீடாக அனுப்பிச் சுண்ணாம்பு அடித்தது, சாமான்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தியது. பெண்கள் இருக்கும் அறைக்குள் சிப்பாய்கள் நுழைந்தார்கள். கப்பலில் ஏற்றியவர்களின் கண்ணைப் பிடுங்கி மருந்து செய்கிறார்கள் என்ற அளவுக்கு வதந்தி பரவியது. மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஊரைக் காலி செய்துகொண்டு சீனாவுக்குப் போய்விட்டார்கள். அந்த ஆண்டு இறந்தவர்கள் 2,500க்கும் மேல்.

துங் வா நடுவில் மாட்டிக்கொண்டது. நோயாளிகளைக் கப்பலில் ஏற்றாதே, கான்டனுக்குப் போக விடு, வீட்டுச் சோதனையை நிறுத்து என்று மனுப் போட்டார்கள். கென்னடி டவுனில் ஒரு பழைய கண்ணாடித் தொழிற்சாலையில் பிளேக் வார்டு போட்டுச் சீன மருந்து கொடுத்தார்கள். அரசுப் பக்கம் அவர்கள் முட்டுக்கட்டை போடுபவர்கள். ஜனங்கள் பக்கம், அரசோடு கைகோத்தவர்கள். லோசன், இந்த ஆஸ்பத்திரியையே மூட வேண்டும் என்று எழுதினார்.

பழைய மருந்தகத்துக்காரனாக ஒன்று சொல்கிறேன். அந்த 1894இல் பிளேக்குக்குச் சீன மருந்தும் கிடையாது, இங்கிலீஷ் மருந்தும் கிடையாது. உருப்படியான மருந்து என்றால் 1940களில் வந்த ஸ்ட்ரெப்டோமைசின்தான். கப்பலில் பிராந்தி கொடுத்தார்கள், கண்ணாடித் தொழிற்சாலையில் கஷாயம் கொடுத்தார்கள், இரண்டு இடத்திலும் செத்தார்கள். சண்டை எந்த மருந்து நல்லது என்பதில் அல்ல. சாகும்போது பக்கத்தில் யார், செத்த பிறகு உடம்பு யார் கையில் என்பதில்.

கிருமியைக் கண்டுபிடித்த கதை இங்கே தனிக் காட்சியாக இருக்கிறது. ஜூனில் ஜப்பானிலிருந்து கிருமி ஆய்வாளர் கிட்டசாட்டோ வந்தார். சில நாளில் பிரெஞ்சு இந்தோசீனாவிலிருந்து இன்னொரு ஆய்வாளர், யெர்சின். கிட்டசாட்டோவுக்கு லோசன் எல்லா வசதியும் செய்துகொடுத்தார். யெர்சினுக்குப் பிணம்கூடக் கிடைக்கவில்லை. மூங்கிலும் வைக்கோலும் வேய்ந்த குடிசையில் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு, பிணங்களைக் காவல் காத்த மாலுமிகளுக்குச் சில்லறை கொடுத்து, கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்த்தார். கிருமிக்கு இன்று இருக்கும் பெயர் யெர்சினியா பெஸ்டிஸ். ஏழைகள் எந்த அறுப்புக்குப் பயந்தார்களோ அந்த அறுப்பில்தான் விடை கிடைத்தது. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

இரண்டே ஆண்டில் நோய் பம்பாய்க்கு வந்தது. அங்கிருந்து புனே. அங்கேயும் சிப்பாய்களை வீட்டுக்குள் அனுப்பினார்கள், 1897இல் பிளேக் அதிகாரி ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். ஹாங்காங்கில் பட்டதிலிருந்து ஒரு பாடமும் கற்காமல் அதே வேலையை இந்தியாவில் செய்தார்கள் என்று படிக்கும்போது கோபம் வருகிறது.

துங் வாவை மூடவில்லை. 1896இல் லாக்ஹார்ட் என்ற அரசு அதிகாரி தலைமையில் விசாரணைக் குழு போட்டார்கள். மூடினால் மறுபடி அந்தக் குவாங் ஃபுக் ஆலயத்துக் காட்சிதான் என்று பலருக்குத் தெரிந்திருந்தது. முடிவு: ஆஸ்பத்திரி இருக்கலாம், ஆனால் இங்கிலீஷ் மருத்துவம் படித்த ஒரு சீன டாக்டர் உள்ளே இருக்க வேண்டும். சுங் கிங்-யூ என்பவர் வந்தார். அவருக்குக் கொடுத்த முக்கியமான வேலைகளில் ஒன்று, யார் எந்த நோயில் இறந்தார் என்பதை ஆங்கிலேயர் ஏற்கும் விதத்தில் பதிவு செய்வது. சிகிச்சைக்கு முன்னால் ரிஜிஸ்தர்! அரசு ஊழியம் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமே தராது.

நிர்வாகிகள் ஒரு நிபந்தனையை விடவில்லை. எந்த மருத்துவம் வேண்டும் என்று நோயாளிதான் சொல்ல வேண்டும். முதல் வருஷங்களில் பெரும்பாலோர் கேட்டது கஷாயம்தான். ஆனால் யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை என்றதும் கொஞ்சம் கொஞ்சமாக அடுத்த வார்டுக்கும் ஆள் போகத் தொடங்கியது. சிப்பாயும் சுண்ணாம்பும் செய்ய முடியாததை, வாசலில் கேட்ட ஒரு கேள்வி செய்தது.

இறங்கி வரும் வழியில் பிளேக் கார்டன். பெயரைப் பார்த்து நோயின் பெயர் என்று நினைத்துவிட வேண்டாம், ஆளுநர் ஹென்றி பிளேக்கின் பெயர். ஆனாலும் நோய்க்கும் தொடர்பு உண்டு. பிளேக் அதிகம் தாக்கிய தை பிங் ஷான் வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கியதில் கிடைத்த இடம் இது. ஆலமர நிழலில் தாத்தாக்கள் சீனச் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

வியாழன், கோ ஷிங் தெரு

தூறல். இன்று நடை குறைவு. ஷியுங் வானில் மருந்துத் தெரு என்றே பேர் பெற்ற கோ ஷிங் தெருவுக்கு மட்டும் போனோம். மதுரையில் நாட்டு மருந்துக் கடை வாசலில் நின்றால் ஒரு வாசம் வருமே, அதுவேதான், கூடக் கொஞ்சம் கருவாடு. சாக்குகளில் ஜின்செங், உலர்ந்த காளான், ஆரஞ்சுத் தோல். அதிமதுரமும் பட்டையும் எனக்குத் தெரிந்த முகங்கள்.

நாபி என்ற விஷ வேரையும் கேட்டுப் பார்த்தேன். பதப்படுத்தியதுதான் விற்பார்கள். சித்த மருத்துவத்தில் நாபியைச் சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்பார்கள். இங்கேயும் ஊறவைத்து, நீண்ட நேரம் வேகவைத்து விஷத்தை இறக்கித்தான் மருந்தாக்குகிறார்கள். சரியாக வேகாத நாபிக் கஷாயம் குடித்து இதயத் துடிப்பு தாறுமாறாகி அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைப் பற்றி ஹாங்காங் டாக்டர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். மூலிகை என்றால் பக்க விளைவு இல்லை என்பவர்கள் நாபியை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மூலைக் கடையில் 'இருபத்து நாலு சுவை' என்ற மூலிகைத் தேநீர். கசப்பு. நிலவேம்புக் கஷாயம் குடித்து வளர்ந்தவன் என்பதால் தம்ளரைக் காலி செய்தேன். மகள் ஒரு வாயோடு சரி.

வெள்ளி, மக்காவ்

ஷியுங் வானிலிருந்து படகில் ஒரு மணி நேரம். சூதாட்ட மாளிகைகளுக்கு இலவசப் பேருந்துகள் வரிசையாக நிற்கின்றன. நாங்கள் கியாங் வூ ஆஸ்பத்திரி பக்கம் போனோம்.

போர்த்துகீசியர் ஆண்ட ஊரில் 1871இல் சீனர்கள் தொடங்கியது. துங் வாவுக்கு ஒத்த வயது, அதே மாதிரி இலவசக் கஷாயம், அதே மாதிரி சவப்பெட்டி. இங்கே இங்கிலீஷ் மருத்துவம் நுழைந்த விதம்தான் வேறு. 1892இல் ஹாங்காங்கில் சீனர்களுக்கான மருத்துவக் கல்லூரியில் முதல் அணியில் தேறிய ஒரு இளைஞரை இவர்களே கூப்பிட்டு வைத்துக்கொண்டார்கள். அவர் பெயர் சுன் யாட்-சென். ஆம், பின்னாளில் சீனக் குடியரசின் முதல் தற்காலிகத் தலைவரானவர்தான்.

பிளேக் இல்லை, விசாரணைக் குழு இல்லை, சிப்பாய் இல்லை. கத்தியைப் பிடிக்கத் தெரிந்த நம்ம ஊர்ப் பையன் ஒருவன், அவ்வளவுதான். அதோடு, ஆஸ்பத்திரியிடமே கடன் வாங்கி அவர் 'சீன–மேலை மருந்தகம்' என்று ஒரு கடையும் போட்டார். கடன் பத்திரத்தில், வட்டிக்குப் பதிலாக இலவச மருந்து கொடுப்பதாக ஏற்பாடு. எஸ்டாலாஜென்ஸ் தெருவில் 80ஆம் எண் கட்டடத்தைப் பழுதுபார்த்துக் காட்சிக்கூடமாக்கியிருக்கிறார்கள். நானும் ஒரு மருந்துக் கடையின் கல்லாப் பக்கம் நின்றவன் என்பதால் அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றேன்.

அவரை ஊரைவிட்டு அனுப்பியது சீன வைத்தியர்கள் இல்லை. போர்த்துகீசிய டாக்டர்கள். போர்த்துகீசியப் பட்டம் இல்லாதவன் போர்த்துகீசியருக்கு வைத்தியம் பார்க்கக் கூடாதாம், அவர் எழுதிய சீட்டுக்குக் கடைகள் மருந்து கொடுக்கக் கூடாதாம். இரண்டு மருத்துவத்துக்கும் சண்டை என்று நாம் நினைப்பதில் பல நேரம் நடப்பது தொழில் போட்டிதான். அடுத்த ஆண்டே கான்டன் போனார், அப்புறம் மருந்துச் சீட்டை விட்டுவிட்டுப் புரட்சி.

வாங்கி வந்த முட்டை டார்ட் படகிலேயே தீர்ந்துவிட்டது.

சனி, யாவ் மா தேய்

காவ்லூன் பக்கம். யாவ் மா தேய் மெட்ரோவில் இறங்கினால் வாட்டர்லூ ரோட்டில் குவாங் வா மருத்துவமனை. துங் வா நிர்வாகிகள் தொடங்கிய இரண்டாவது ஆஸ்பத்திரி, காவ்லூனுக்கு முதலாவது. 1911 அக்டோபர் 9இல் ஆளுநர் லூகார்ட் திறந்துவைத்தார், 72 படுக்கைகள். மறுநாள் வூசாங்கில் புரட்சி வெடித்து, சில மாதங்களில் சீனப் பேரரசே போய்விட்டது. துங் வாவில் கால் நூற்றாண்டு இழுபறிக்குப் பிறகு வந்தது இங்கே முதல் நாளே இருந்தது: இந்தப் பக்கம் சீன வைத்தியம், அந்தப் பக்கம் இங்கிலீஷ் வைத்தியம்.

சுற்றிலும் புதுக் கட்டடங்கள் வானத்தை மறைக்க, நடுவில் அந்த 1911 கூடம் மட்டும் தப்பி நிற்கிறது. 1970 முதல் துங் வா அருங்காட்சியகம், 2010இல் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். முகப்பைப் பார்த்தால் மேலைநாட்டுக் கட்டடம். உள்ளே நுழைந்தால் சீன ஓட்டுக்கூரை, மரத்தூண்கள், சுவரெங்கும் பொன்னெழுத்துப் பலகைகள். எந்தக் கட்டடக் கலைஞரும் இதை யோசித்துச் செய்திருக்க வேண்டாம், ஆனால் உள்ளே நடந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான கட்டடம் அமையாது.

பலகைகளையும் பழைய கடிதங்களையும் பார்க்க நேரம் போனதே தெரியவில்லை. மரியாதை வாசகங்கள்தான் அதிகம், படிப்பதற்குக் கொஞ்சம் அலுப்பு. ஆனால் அன்றாடக் கணக்கு வழக்குகள் உயிரோடு இருக்கின்றன. 1929இல் ஹாங்காங் தீவின் சோ கோன் போவில் மூன்றாவது ஆஸ்பத்திரி வந்தது, 1931இல் மூன்றும் ஒரே நிர்வாகத்தில் சேர்ந்தன. நகரம் முழுக்க இன்று கேட்கும் 'துங் வா சாம் யூன்', மூன்று துங் வா ஆஸ்பத்திரிகள், அப்படி வந்தது.

சீன மருத்துவ வார்டு எப்படி மூடியது என்பதுதான் நான் எதிர்பாராதது. ஆங்கிலேயர் மூடவில்லை, டாக்டர்கள் வென்று மூடவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். சீனாவிலிருந்து மூலிகை வரத்து நின்றது. கஷாயம் காய்ச்சச் சரக்கு இல்லை. படுத்திருந்தவர்களுக்கு இங்கிலீஷ் மருந்து மட்டும் என்றானது. போர் முடிந்த பிறகும் உள்நோயாளிப் பிரிவு பழையபடி திரும்பவில்லை, சீன வைத்தியம் வெளிநோயாளிகளுக்கு மட்டும் தொடர்ந்தது. அரசியலால் முடியாததைச் சரக்குத் தட்டுப்பாடு முடித்துவைத்தது. ஸ்டாக் தீர்ந்து 'இல்லை' என்று சொல்லி அனுப்பிய நாள்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

வாசல் பெஞ்சில் ஒரு பாட்டியம்மா. மகள் பேச்சுக் கொடுத்தாள். பிரஷருக்கு இங்கிலீஷ் மாத்திரை, முழங்காலுக்குச் சீன மருந்தாம்.

"ரெண்டையும் சாப்பிடுறது டாக்டருக்குத் தெரியுமான்னு கேளு" என்றேன்.

கேட்டாள். பாட்டி சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். "சொன்னா திட்டுவாராம்ப்பா."

நம் வீட்டுப் பாட்டிகளும் இதையேதான் சொல்வார்கள். சிரிப்புக்குப் பின்னால் ஆபத்தும் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரினோடு, சீன வைத்தியத்தில் இதயத்துக்குக் கொடுக்கும் டான்ஷென் வேர் சேர்ந்தால் ரத்தக் கசிவு வரும். 1990களில் ஹாங்காங் டாக்டர்களே கண்டு எழுதியது. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு மருத்துவமும் இருந்தால் போதாது, இரண்டு சீட்டையும் ஒருவர் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2014இலிருந்து பக்கவாதம், இடுப்புவலி, புற்றுநோய் நோயாளிகளுக்குச் சில அரசு மருத்துவமனைகளில் இரண்டு வைத்தியர்களும் சேர்ந்து பார்க்கும் திட்டம் நடக்கிறது. அந்தப் பெஞ்சுப் பாட்டிக்கு அது எப்போது எட்டுமோ.

ஞாயிறு, சாண்டி பே

தீவின் மேற்கு ஓரம். கடலைப் பார்த்த சரிவில் துங் வா சவப்பெட்டி இல்லம். சுற்றுலா இடம் இல்லை, வெளியே நின்று பார்த்தோம். 1899இல் இங்கே வந்தது. மகள் முதலில் கொஞ்சம் தயங்கினாள். நான்தான், இதைப் பார்க்காவிட்டால் அந்த ஆஸ்பத்திரி பாதிதான் புரியும் என்று சொல்லிக் கூட்டிவந்தேன்.

கலிஃபோர்னியாவில் தங்கம் தோண்டப் போனவர்கள், ஆஸ்திரேலியாவுக்கும் பெருவுக்கும் கூலிகளாகப் போனவர்கள், அங்கேயே செத்தால் சில ஆண்டு கழித்து எலும்பைத் தோண்டி எடுத்து, சுத்தம் செய்து, பெட்டியில் வைத்துக் கப்பலில் அனுப்புவார்கள். அது ஹாங்காங் வரும். துங் வா வாங்கிவைத்து, பெயரையும் ஊரையும் சரிபார்த்து, குவாங்துங் கிராமங்களுக்கு அனுப்பிவைக்கும். உலகம் முழுக்க இருந்த சீனர்களின் எலும்புகளுக்கு இது சந்திப்பு நிலையம். 1902இல் நியூசிலாந்திலிருந்து 499 சீனர்களின் உடல்களோடு கிளம்பிய 'வென்ட்னர்' கப்பல் ஹோக்கியாங்கா கடலில் மூழ்கியது. துங் வா வழியாக ஊர் போயிருக்க வேண்டியவர்கள் அவர்கள். கரை ஒதுங்கிய எலும்புகளை மாவோரி மக்கள் தங்கள் நிலத்தில் புதைத்துக் காத்தார்கள்.

1949க்குப் பின் எல்லை இறுகியதும் பெட்டிகள் இங்கேயே தேங்கின. ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவை உண்டு. பின்னர் இந்த இல்லத்தைப் பழமை கெடாமல் சீரமைத்ததற்கு 2005இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

ஒரு மருத்துவமனைக்கு எலும்பை ஊர் சேர்க்கும் வேலை எதற்கு என்று கேட்கலாம். அந்தக் காலத்துக் கூலிக்காரனிடம் கேட்டிருந்தால், அதுதான் முதல் வேலை, கஷாயம் அப்புறம்தான் என்று சொல்லியிருப்பான். தங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆளே வரவில்லை என்று குழம்பிய ஆங்கிலேய டாக்டர்கள் எந்தக் கிருமியையும் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார்கள், இதை மட்டும் பார்க்கவில்லை.

நாளைக் காலை விமானம். போக நினைப்பவர்களுக்கு: மருத்துவ அறிவியல் அருங்காட்சியகமும் துங் வா அருங்காட்சியகமும் எல்லா நாளும் திறந்திருக்காது, நேரம் விசாரித்துவிட்டுப் போங்கள். ஷியுங் வான் படிக்கட்டுகளுக்கு நல்ல செருப்பு வேண்டும். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் காலையில் குவாங் ஃபுக் ஆலயம், அப்படியே கெய்ன் லேன் ஏறிவிட்டு, மதியத்துக்கு மேல் மெட்ரோ பிடித்து யாவ் மா தேய். மான் மோ கோவிலுக்கு உள்ளே கண் எரியும், கைக்குட்டை எடுத்துப் போங்கள். அந்த இருபத்து நாலு சுவைத் தேநீரை வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள்.